பாறைக்குள் போன உப்புக்குக் கணக்கு வேண்டும்

மதிப்பிற்குரிய திண்டுக்கல் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போனதாகத் தன்னார்வ அமைப்பு ஒன்று எடுத்த கணக்கு அத்தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. அதன்பின் 2000-களில் ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தினர் இதே பகுதியிலுள்ள குடகனாற்றின் மேல்படுகையை ஆராய்ந்தபோதும் நிலத்தடி நீரில் உப்பு மிகுந்தே இருந்தது. கழிவு நகரும் பாதையைக் கணினி மாதிரியிலும் அவர்கள் கணித்தார்கள்.

கழிவைத் தடுத்தால் மட்டும் கிணறு தேறிவிடாது. காரணம், நம் நிலத்தின் அமைப்பு. மேலே சிதைந்த பாறை, கீழே வெடிப்போடிய சார்னகைட், நைஸ் பாறைகள். தோல் பதனிடும் குரோமியத்தில் பெரும்பகுதி மண்ணில் ஒட்டிக்கொள்ளும். உப்பிலுள்ள குளோரைடோ எதிலும் ஒட்டாது, சிதையாது. தண்ணீர் போகுமிடமெல்லாம் போகும். வெடிப்பில் வேகமாக ஓடும்போதே பக்கத்துப் பாறையின் நுண்துளைகளுக்குள்ளும் ஊறும். மழைநீர் வெடிப்பை அலசிய பிறகு, ஊறியது மெல்லத் திரும்பிக் கசியும். உப்பு வைத்த மண்சட்டியை எத்தனை முறை கழுவினாலும் அதன் சுவரில் உப்புப் பூப்பது போலத்தான் இதுவும்.

ஆகவே, பாறையை ஒரே சீரான மணல்படுகையாக வைத்துக் கணக்கிடும் மாதிரி இரண்டு இடத்தில் தவறும்: உப்பு வந்து சேரும் நாளைத் தாமதமாகக் காட்டும், விலகும் ஆண்டை முன்கூட்டியே சொல்லும். வெடிப்பையும் நுண்துளையையும் தனித்தனியாகக் கணக்கில் கொள்ளும் மாதிரியே இங்கே பொருந்தும். அதற்கும் களத்தில் எடுத்த அளவுகள் வேண்டும்.

தங்களிடம் மூன்று கோரிக்கைகள்:

1. பாதிக்கப்பட்ட கிராமங்களில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும், கிணற்றிலும் போர்வெல்லிலும் ஆழம்வாரியாக நீர் மாதிரி எடுத்து, குளோரைடு, டிடிஎஸ் (நீரில் கரைந்த மொத்தத் திடப்பொருள்) அளவுகளை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும்.

2. புதிய போர்வெல்லுக்கு அனுமதி தருமுன் மேல்மட்ட உப்புநீர் கீழ்வெடிப்புக்கு இறங்காதபடி கேசிங் பைப் போடுவதைக் கட்டாயமாக்க வேண்டும்.

3. பழைய கணினி மாதிரியைப் புதிய அளவுகளோடு திருத்தும் பணியில் காந்திகிராமப் பல்கலைக்கழகத்தையும் சேர்க்க வேண்டும்.

தன் கிணறு எந்த ஆண்டு தேறும், தேறாதென்றால் மாற்று நீர் எங்கிருந்து வரும் என்று கேட்கும் விவசாயிக்கு விடை சொல்ல வேண்டியது அரசின் கடமை. வரும் பருவமழைக்கு முன் முதல் நீர் மாதிரிகளை எடுக்க உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
குடகனாற்றுப் படுகைவாசி ஒருவர்