ஈனும் முன் கால்சியம் எதற்கு?

"சினை மாட்டுக்குக் கடைசி இரண்டு மாதம் கால்சியம் கொடுத்துவிட்டால் பால் காய்ச்சல் வராது." கறவை மாடு வைத்திருக்கும் எந்த ஊரிலும் இதைக் கேட்கலாம். மருந்துக்கடையிலும் இதையே சொல்லி ஐந்து லிட்டர் கேனை எடுத்துத் தருகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. அளவு கூடினால், எந்த நோய்க்குப் பயந்து கொடுக்கிறோமோ அதற்கே வழி செய்கிறது.

ஒரு லிட்டர் சீம்பாலில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருக்கிறது. 10 லிட்டர் சுரந்தால் 20 கிராம் போய்விடும். மாட்டின் ரத்த நீரில் ஒரு நேரத்தில் இருப்பதோ சுமார் 3 கிராம்தான். குறைவதை எலும்பிலிருந்தும் குடலிலிருந்தும் உடனுக்குடன் எடுத்தாக வேண்டும். அந்த வேலையை முடுக்குவது கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி. வற்றுக்காலம் முழுக்கத் தீவனத்திலேயே கால்சியம் குவிந்தால் அந்தச் சுரப்பி ஓய்ந்துகிடக்கும். ஈன்ற அன்று திடீரென்று தேவை வந்தால், எலும்பிலிருந்து கால்சியம் முழு அளவில் இறங்க இரண்டு நாள் வரை ஆகும். அதற்குள் காது குளிர்ந்து, கழுத்தை விலாப்பக்கம் மடக்கி, மாடு எழ முடியாமல் படுத்துவிடுகிறது. இதுதான் பால் காய்ச்சல். மூன்றாம் ஈற்றைத் தாண்டிய, நன்றாகக் கறக்கும் ஜெர்சிக் கலப்பின மாடுகளுக்கு இந்த ஆபத்து அதிகம்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. ஈனும் முன் கால்சியம் குறைந்த தீவனம் கொடுத்தால் பால் காய்ச்சல் குறைகிறது என்று போடா, கோல் என்ற இருவர் கலிபோர்னியாவில் 1954-லேயே காட்டிவிட்டார்கள். எழுபது ஆண்டு கடந்தும் நம் தொழுவத்துக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத கோபம்.

கேனில் விற்கும் கால்சியம் டானிக்கில் ஒரு நாளைக்குப் போவது சில கிராம் கால்சியம்தான். அதனால் பெரிய கெடுதி இல்லாமல் போகலாம். ஆனால் பால் காய்ச்சலைத் தடுக்கும் பலனும் இல்லை, காசுதான் நஷ்டம். சுண்ணாம்புத் தூளை அள்ளிப் போடுவதும், கால்சியம் மிகுந்த குதிரைமசாலை நிறை சினை மாட்டுக்குக் கட்டுக்கட்டாகப் போடுவதும்தான் உண்மையான ஆபத்து. இன்னொன்றை யாரும் பேசுவதில்லை: பொட்டாசியம். சாணக் கரைசலும் உரமும் பாய்ந்து வளர்ந்த கோ-4 போன்ற புல்லில் அது மிகுதி. அது ரத்தத்தைக் காரத்தன்மைப் பக்கம் தள்ளும். அப்போது பாராதைராய்டு சுரந்தாலும் எலும்பு சரியாகக் கேட்காது. மக்னீசியம் குறைந்தாலும் இதே கதிதான். குளோரைடு, சல்பேட் உப்புகளைத் தீவனத்தில் சேர்த்து இந்தக் காரத்தன்மையைத் திருப்பும் முறை நார்வே ஆய்வுகளிலிருந்து வளர்ந்தது. ருசி கெட்டுத் தீவனம் குறையும் என்பதால் இதை மருத்துவர் சொல்லும் அளவில்தான் செய்ய வேண்டும். பலிக்கிறதா என்பதை மாட்டின் சிறுநீரைச் சோதித்தே பார்த்துவிடலாம்.

"அப்படியானால் கால்சியமே வேண்டாமா?" வேண்டும், ஈன்ற பிறகு. ஈன்ற உடனே வாய்வழி கொடுக்கும் கால்சியம் பயன்படும். படுத்துவிட்ட மாட்டுக்கு மருத்துவர் நரம்பில் ஏற்றும் கால்சியம் போரோகுளுக்கோனேட் உயிரையே காக்கும்.

விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒற்றைக் கறவை மாட்டை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர், அது படுத்துவிடுமோ என்று பயப்படத்தான் செய்வார். அந்தப் பயத்தை வைத்து வியாபாரம் செய்கிறவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். உங்கள் மாடு ஈன இன்னும் மூன்று வாரம் இருக்கிறதென்றால், கேனை வாங்கும் முன் கால்நடை மருத்துவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: இப்போது கட்டும் தீவனத்தில் எதைக் குறைக்க வேண்டும்?