யார் சோம்பேறி?

மேடைதோறும் ஒரு குரல் கேட்கிறது, தோழர்களே! “இக்கால இளைஞனுக்கு ஊக்கமில்லை, உழைப்பில்லை, உள்ளங்கையிலே கைப்பேசி, உள்ளத்திலே உறக்கம்!” பொன்னாடை போர்த்திய பெரியவர் முழங்குகிறார், முன்வரிசை கைதட்டுகிறது. நாடகம் எழுதிப் பழகியவன் நான். பாத்திரத்தைப் பாராமலே வசனம் தீட்டினால் காட்சி கவிழும் என்பதை அறிவேன். அப்பெரியவர் அந்த இளைஞனைப் பார்த்ததுண்டா?

2022 ஜூலை 24, ஞாயிற்றுக்கிழமை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வு நடைபெற்ற நாள். அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. விண்ணப்பித்தோரோ ஏறத்தாழ 22 லட்சம்! ஓர் இடத்துக்கு 300 பேர்! பத்தாம் வகுப்புத் தேறியிருந்தால் போதும் எனும் அத்தேர்வுக்குப் பட்டதாரி வந்தான். பொறியியல் படித்தவன் வந்தான். கைக்குழந்தையை வாயிலில் தாயிடம் ஒப்படைத்துவிட்டு இளம்பெண் வந்தாள். இளநிலை உதவியாளர் நாற்காலிக்கும், தட்டச்சர் மேசைக்கும், கிராம நிர்வாக அலுவலர் பதவிக்கும்! இதற்கா சோம்பல் என்று பெயர்?

முடிவு எப்போது வந்தது? 2023 மார்ச் 24-இல்! விடை எழுத அவனுக்குத் தரப்பட்டது மூன்று மணி நேரம். முடிவு சொல்ல எடுத்துக்கொண்டது எட்டுத் திங்கள்! இதில் யார் சோம்பேறி? அந்த எட்டுத் திங்களும், “என்னாயிற்று தம்பி?” என்று கேட்கும் உறவினருக்கு அஞ்சித் திருமண வீட்டுக்கும் போகாமல் திரிந்தவர் எத்தனை பேர்! பின்னர் இடங்கள் பத்தாயிரத்துக்கு மேல் உயர்த்தப்பட்டன, மறைக்கவில்லை. எஞ்சிய இருபத்தொரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் என்ன செய்தனர்? மீண்டும் புத்தகத்தைப் பிரித்தனர். கல்லூரியைப் பாதியில் விட்ட என்னை ஏதோ மேடை ஏற்றுக்கொண்டது. எல்லோருக்குமா மேடை கிடைக்கும்?

அவன் கேட்பது அரண்மனையன்று. ஆண்டுதோறும் காலியிடம் எத்தனை என்ற கணக்கு. தேர்வுக்கு ஒரு நாள். முடிவுக்கு ஒரு நாள். அந்த நாள் தவறாமை. இவ்வளவே!

1989-இல் வாக்குரிமை வயது 21-லிருந்து 18-ஆகக் குறைக்கப்பட்டது. அன்றுமுதல் எல்லாக் கட்சியினரும் அவன் வாசல் தேடிச் செல்கிறோம்; நம்மையும் சேர்த்தே சொல்கிறேன். கோடிக்கணக்கான வாக்குகளை ஒரே நாளில் எண்ணி முடிக்கிறோமே, தோழர்களே! அவனுடைய விடைத்தாளுக்கு மட்டும் ஏன் எட்டுத் திங்கள்? அடுத்த முறை துண்டறிக்கையோடு செல்லும்போது அவன் இதைக் கேட்பான். பதிலோடு செல்லுங்கள்.