கவனக்குறைவு என்னும் வசதியான சொல்

கையில் கட்டுப்போட்டுப் படுத்திருப்பவரைப் பார்க்கச் செல்பவர்கள் எல்லோரும் ஒரே வாசகத்தைச் சொல்லிவிட்டுத் திரும்புகிறார்கள்: "கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம்." சென்ற மழைக்காலத்தில் என் சித்தப்பாவின் கட்டிலருகே அமர்ந்து இதே வாசகத்தைப் பலமுறை கேட்டேன். இடக்கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. முப்பது ஆண்டுகள் ரப்பர் வெட்டிய கை அது. வந்தவர்களுள் ஒருவர்கூட அந்த இயந்திரத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இந்தப் பதிவு அந்தக் கேட்கப்படாத கேள்வியைப் பற்றியது.

இயந்திரம் வாடகைக்கு வந்தது. நான்கு அங்குல ஆங்கிள் கிரைண்டர். இரும்பையும் கல்லையும் தேய்க்கவும் அறுக்கவும் உருவான அதில், மரம் அறுக்கும் பல்சக்கரம் பூட்டப்பட்டிருந்தது. சக்கரத்தின் பாதியை மூடியிருக்க வேண்டிய கார்டு இல்லை. சித்தப்பா அதைக் கழற்றவில்லை. அவரிடம் வந்தபோதே அது இல்லை. கொல்லயில் முதல் பாறசாலை வரை, எல்லைக்கு அப்பால் களியக்காவிளையிலும், கார்டு உள்ள கிரைண்டரைத் தேடிப் பாருங்கள். எத்தனை கண்ணில் படுகின்றன என்று எனக்கும் சொல்லுங்கள்.

கவனத்தைப் பற்றிப் பேசுபவர்களிடம் ஒரு சிறு கணக்கை முன்வைக்கிறேன். இத்தகைய கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 முறை சுழல்கிறது. அதாவது நொடிக்கு 183 சுற்று. 100 மில்லிமீட்டர் சக்கரத்தின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு மனிதன் கையை இழுக்க ஐந்தில் ஒரு பங்கு நொடியாவது ஆகும். அதற்குள் சக்கரம் முப்பத்தைந்து முறைக்கு மேல் சுற்றி முடித்திருக்கும். பல்சக்கரம் மரத்தின் கணுவில் சிக்கினால் இயந்திரம் முழுவதும் பிடித்திருப்பவரை நோக்கித் துள்ளுகிறது. அந்தத் துள்ளலுக்கும் சதைக்கும் நடுவே நிற்பது கார்டு ஒன்றுதான். மனிதக் கவனத்தால் எட்ட முடியாத வேகத்தில் நிகழும் ஒன்றுக்குக் கவனத்தைக் குற்றவாளியாக்குவது எவ்வகை நியாயம்?

"கார்டு போட்டா வேலை நீங்காது மக்கா" என்பார்கள். இந்த வாதத்தை நான் எள்ளி நகையாடமாட்டேன். அதில் உண்மை உண்டு. கார்டு இருந்தால் பருத்த கட்டைக்குள் சக்கரம் ஆழமாக இறங்காது. நான்கு அங்குல இயந்திரத்தில் ஐந்து அங்குலச் சக்கரம் பொருந்தாது. ஆனால் இந்த உண்மை உணர்த்துவது என்ன? அந்தக் கருவி அந்த வேலைக்குரியதன்று என்பதைத்தான். மரத்துக்கு மரமறுக்கும் வாள் வேண்டும். ஒரே கருவியால் இரும்பு, கல், மரம் மூன்றையும் முடித்துக்கொள்ளும் சிக்கனத்தின் விலையை வாடகைக்குக் கொடுப்பவரும் தருவதில்லை, வேலைக்கு அழைத்தவரும் தருவதில்லை. அது விரலாகத் தரப்படுகிறது, தருபவர் கூலிக்காரர்.

புல்வெட்டியின் கதையும் இதுவே. 255 மில்லிமீட்டர் இரும்புத் தகடு நிமிடத்துக்கு 7,000 முறை சுழன்றால் அதன் நுனி மணிக்கு 330 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. நம் புரையிடங்களோ சரளைக்கல் நிறைந்தவை. தகட்டில் பட்ட கல் எங்கே பாயும் என்று யாருக்கும் தெரியாது. ஆகையால்தான் சுற்றிலும் 15 மீட்டருக்குள் எவரும் நிற்கக் கூடாது என்று கையேடுகள் விதிக்கின்றன. நம் ஊரிலோ வெட்டுபவர் லுங்கியும் ரப்பர்ச் செருப்புமாக நிற்கிறார். கண்ணாடியும் இல்லை, காலுறையும் இல்லை. வீட்டுக்காரர் ஐந்தடி தள்ளி நின்று "அந்த மூலையும் கொஞ்சம்" என்று விரல் நீட்டுகிறார். பள்ளி விட்டு வந்த குழந்தை வாசற்படியில் நின்று வேடிக்கை பார்க்கிறது.

மின்சாரத்துக்கு வருகிறேன். ஈரக்கையின் வழியே 230 வோல்ட் பாயும்போது உடலின் தடை 1,000 ஓம் என்று கொண்டால் செல்லும் மின்னோட்டம் 0.23 ஆம்பியர். இதயத்தின் துடிப்பைக் குலைக்க அது தாராளமாகப் போதும். வீட்டிலுள்ள 16 ஆம்பியர் எம்.சி.பி.யோ இதை ஒரு சிறு விளக்கின் சுமையாகவே கருதிச் சும்மா இருக்கும். ஃபியூஸ் கம்பியும் உருகாது. அவை கம்பியைக் காக்கப் பிறந்தவை. மனிதனைக் காப்பது நாம் ஈ.எல்.சி.பி. என்று அழைக்கும் கசிவுத் துண்டிப்பான். மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டு விதிகள் வீட்டு இணைப்புகளில் 30 மில்லிஆம்பியருக்கு மேற்படாத கசிவிலேயே அது துண்டிக்க வேண்டும் என்றன. அதே வேளையில், 5 கிலோவாட்டுக்குக் குறைந்த சிறு நிறுவல்களுக்கு விலக்கும் அளித்தன. பெரிய வீட்டுக்காரரின் இதயம் காக்கப்பட வேண்டும், ஓட்டு வீட்டுக்காரருடையது பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதாகவே அந்த விலக்கை நான் வாசித்தேன். விதிகள் பின்னர் திருத்தப்பட்டன. 2023இல் புதிய விதிகளும் வந்தன. பழைய வீடுகளின் பலகையிலோ பீங்கான் ஃபியூஸ் அப்படியே இருக்கிறது. முற்றத்தில் ஒட்டுப்போட்ட வயர் ஈர மண்ணில் கிடக்கிறது.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சுழலும் பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்றது. ஆனால் மின்விசையால் இயங்கும் இடமென்றால், 10 பேராவது பணிபுரிந்தால்தான் அதன் கண்ணில் அது தொழிற்சாலையாக இருந்தது. என் சித்தப்பா வேலை செய்தது ஒரு வீட்டின் பின்முற்றம். கதிரடிக்கும் இயந்திரங்களில் உழவர்கள் கையிழந்து கொண்டிருந்த காலத்தில், 1983இல், அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. தயாரிப்பவருக்கும் விற்பவருக்கும் அது பொறுப்பை விதித்தது. ஊரகப் பயன்பாட்டுக்குரிய பிற இயந்திரங்களையும் அறிவிக்கை மூலம் சேர்க்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு வழங்கியது. கருவியைத் தருபவரையே முதலில் கேள்வி கேட்க வேண்டும் என்ற அறிவு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்த நாட்டுக்கு இருந்திருக்கிறது. அது நம் புரையிடம் வரை நடந்து வரவில்லை.

"நடைமுறையில் இதெல்லாம் சாத்தியமா?" என்பவர்களுக்குக் கேரளமே விடை. தென்னை ஏற ஆளில்லை என்ற நெருக்கடி வந்தபோது, 2011இல் தென்னை வளர்ச்சி வாரியம் தென்னைத் தோழர்கள் திட்டத்தைத் தொடங்கியது. இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் ஆறு நாள் பயிற்சி, ஏறும் கருவி, காப்பீடு ஆகியவை கிடைத்தன. தேங்காய் விழ வேண்டும் என்பதற்காக இவ்வளவும் செய்ய முடிந்தது. விரல் விழக் கூடாது என்பதற்காக அதில் பாதியாவது செய்ய முடியாதா?

தனுவச்சபுரத்தில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. அங்கே ஞாயிறுதோறும் ஒரு நாள் பயிற்சி நடத்தப் பஞ்சாயத்து ஏற்பாடு செய்யட்டும். சக்கரத்தை மாற்றுமுன் பிளக்கை உருவ வேண்டும்; அறுப்புச் சக்கரத்தின் நடுவளையத்தில் அச்சிட்ட காலாவதி நாளையும் வேக வரம்பையும் பார்க்க வேண்டும்; இடவப்பாதி மழையின் ஈரம் குடித்த சக்கரத்தைத் தூர எறிய வேண்டும்; சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றக் கூடாது; ஈ.எல்.சி.பி.யின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். இவற்றைக் கற்பிக்க ஒரு பகல் போதும். பயிற்சி மலையாளத்திலும் தமிழிலும் நடக்க வேண்டும். 1956இல் வரைந்த கோடு விளவங்கோட்டை ஒரு பக்கமும் நெய்யாற்றின்கரையை மறுபக்கமும் வைத்தது. வேலை தேடும் கால்கள் அன்றாடம் அதைக் கடக்கின்றன. எச்சரிக்கையும் அவ்வாறே கடக்க வேண்டும்.

கார்டு இல்லாத கருவியை வாடகைக்கு விடுவது குற்றமாக வேண்டும். அதுவரை, வீட்டுக்காரர்களே, உங்கள் கையில் ஓர் அதிகாரம் இருக்கிறது. கார்டு இல்லாத கிரைண்டரோடு ஆள் வந்தால் வேலையை நிறுத்துங்கள்; ஆனால் அவருடைய அன்றைய கூலியை நிறுத்தாதீர்கள். கூலி போய்விடும் என்ற அச்சம்தான் அவரை அந்த இயந்திரத்தைத் தொட வைக்கிறது.

சித்தப்பா இப்போது வலக்கையால் மட்டும் ரப்பர் ஷீட் மடிக்கப் பழகுகிறார். அவரும் "என் கவனக்குறைவுதான்" என்றே சொல்கிறார். அதைக் கேட்கும்போதுதான் எனக்கு ஆத்திரம் அதிகமாகிறது.