பள்ளிக்கரணை: சதுப்பு நிலம் எங்கே முடியுது? நடந்து பார்த்தோம்!

ஓஎம்ஆரில் வேலை பார்க்கிறவர்களுக்கு பள்ளிக்கரணை என்பது பெரும்பாலும் கேப் ஜன்னலில் ஒரு நிமிஷம் தெரியும் காட்சிதான். ரேடியல் ரோட்டில் வண்டி போகும்போது இரண்டு பக்கமும் தண்ணீர், கோரைப்புல், தூரத்தில் வெள்ளையாக ஏதோ பறவைகள். போனை எடுத்து போட்டோ எடுக்கலாம்னு நினைக்கிறதுக்குள்ள துரைப்பாக்கம் சிக்னல் வந்துடும்.

அதே இடத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்து பார்க்கலாம் என்று கிளம்பினோம். ரேடியல் ரோட்டை ஒட்டி வனத்துறை அமைத்திருக்கும் சதுப்பு நிலப் பூங்காவில் தொடங்கி, ஒக்கியம் மடுவு வரைக்கும். பறவை பார்ப்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், 2025 செப்டம்பரில் இருந்து தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம், சிஎம்டிஏ, ரியல் எஸ்டேட் வாட்ஸ்அப் குரூப் என எல்லா இடத்திலும் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரே கேள்வி. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் எல்லை எது?

முதல் பத்து நிமிஷம் எதுவுமே தெரியாது

உண்மையைச் சொல்லணும்னா, பூங்காவுக்குள் போனதும் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். நடைபாதை, மரக்கன்றுகள், பறவைகளைப் பற்றிய பலகைகள், வாக்கிங் வந்தவர்கள். 'இதுக்கா அலாரம் வச்சு எழுந்தோம்' என்று தோன்றும். தண்ணீர் தெரியும் ஒரு இடமாகப் பார்த்து நின்று, பேச்சை நிறுத்தி, சும்மா பார்க்கத் தொடங்கினால்தான் விஷயம் மாறுகிறது.

பச்சைத் திட்டு என்று நினைத்த இடத்தில் ஏதோ நகர்கிறது. நீலத் தாழைக்கோழி. நீல உடம்பு, சிவப்பு அலகு, நீளமான விரல்கள். கோரைத் தண்டைப் பிய்த்து, ஒரு காலால் பிடித்துக்கொண்டு சாப்பிடுகிறது. கொஞ்சம் தள்ளி, மிதக்கும் இலைகள் மேலேயே நடந்து போகிறது ஒரு இலைக்கோழி. முக்குளிப்பான் ஒன்று முங்கி, நாம் எதிர்பார்க்கிற இடத்தில் இல்லாமல் வேறெங்கோ எழுகிறது. கூழைக்கடாக்களும் அரிவாள் மூக்கன்களும் மேலே கடந்து போகின்றன. தண்ணீர் மட்டம் குறைவாக இருக்கும் மாதங்களில் பூநாரைகளும் வருவதுண்டு. அவற்றுக்கு ஆழமில்லாத சேற்று நீர்தான் வேண்டும். அதனால் நல்ல மழைக்குப் பிறகு போய் 'பிளமிங்கோவே இல்லையே' என்று வருத்தப்பட வேண்டாம்.

நடந்து போனால்தான் இது புரியும். ஒரே சதுப்பு நிலத்துக்குள்ளேயே ஆழமான நீர், முழங்கால் அளவு நீர், சேறு, கோரைக்காடு என்று தனித்தனி வீடுகள் இருக்கின்றன. ஊசிவால் வாத்துக்கு ஒரு ஆழம், நெடுங்கால் உள்ளானுக்கு வேறொரு ஆழம். தண்ணீர் அரை அடி கூடினாலும் குறைந்தாலும் அங்கே குடியிருப்பவர்கள் மாறிவிடுவார்கள். 'சும்மா கிடக்கிற தண்ணி' என்று நாம் சொல்கிற இடத்தில் இவ்வளவு கணக்கு இருக்கிறது.

போகிறவர்களுக்குச் சின்னக் குறிப்பு: நவம்பர் முதல் பிப்ரவரி வரை வலசைப் பறவைகளின் சீசன். வெயில் ஏறுவதற்கு முன்பே போய்விடுங்கள். பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், புளூடூத் ஸ்பீக்கரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பாதையை விட்டுப் புல்லுக்குள் இறங்க வேண்டாம். கண்ணாடி விரியன் பாம்புகளுக்குப் பெயர் போன இடம் இது.

பூங்காவில் நின்று வடக்கே பார்த்தால் ஒரு மேடு தெரியும். மலை இல்லை, பெருங்குடி குப்பைக் கிடங்கு. 1980களில் இருந்து சதுப்பு நிலத்திலேயே கொட்டிச் சேர்ந்த குப்பை. இப்போது பயோமைனிங் முறையில் பிரித்து அகற்றி வருகிறார்கள். ஒரு முரண் பாருங்க. பள்ளிக்கரணையை சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அதாவது ராம்சர் தளமாக அறிவித்த தேதி 2022 ஏப்ரல் 8. அதே மாதக் கடைசியில்தான் பெருங்குடி கிடங்கில் தீப்பிடித்து, நாள் கணக்கில் சுற்றுவட்டாரம் முழுக்கப் புகை சூழ்ந்தது.

கழுவெளி எப்படி 'காலி இடம்' ஆச்சு?

இந்த மாதிரி நிலத்துக்குத் தமிழில் பழைய பெயர் உண்டு: கழுவெளி. மழைக்காலத்தில் நீர் நிறைந்து, கோடையில் பெரும்பகுதி வற்றி, மேய்ச்சலுக்கும் மீனுக்கும் உதவுகிற நிலம். ஏரி மாதிரி கரை கிடையாது. கரை இல்லை என்பதுதான் அதன் பிரச்சினையும். வருவாய்த்துறைக் கணக்கில் பயிரும் விளையாத, ஏரியும் இல்லாத இந்த மாதிரி நிலம் 'தரிசு', 'புறம்போக்கு' கணக்கில் போய்ச் சேரும். அப்புறம் யாருக்கு என்ன கட்ட வேண்டுமோ, அதற்கு இடம் இங்கிருந்துதான்.

ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரவியிருந்ததாகச் சொல்லப்படும் சதுப்பு நிலம் இது. அதைத் தின்றது தனியார் மட்டும் என்று நினைத்தால் தப்பு. குப்பைக் கிடங்கு, பெருங்குடி பறக்கும் ரயில் நிலையம், தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், காற்றாலை ஆராய்ச்சி நிறுவனம், நாம் நடந்துகொண்டிருக்கும் இதே ரேடியல் ரோடு. எல்லாம் அரசு கட்டியதுதான். ரோடு சதுப்பு நிலத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. தண்ணீர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக அடியில் இருக்கும் குறுகிய வழிகளை நம்ப வேண்டியதுதான்.

தண்ணி எங்கிருந்து வருது, எங்க போகுது?

தென்சென்னையில் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழை கடைசியில் வந்து சேரும் இடம் பள்ளிக்கரணை. கீழ்க்கட்டளை, நாராயணபுரம், மேடவாக்கம், பெரும்பாக்கம் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும் ஏரிகள் நிரம்பி, உபரி நீர் இங்கே வரும். சதுப்பு நிலம் அதை வாங்கி வைத்துக்கொண்டு, கிழக்கே ஒக்கியம் மடுவு வழியாக மெதுவாக பக்கிங்ஹாம் கால்வாயில் விடும். அங்கிருந்து தெற்கே போய் கோவளம் முகத்துவாரத்தில் கடல்.

அதாவது நுழைவாயில்கள் பல, வெளியேறும் வழி கிட்டத்தட்ட ஒன்றே ஒன்று. நடுவில் இருக்கும் தொட்டி எவ்வளவு பெரிதோ, அவ்வளவுதான் நமக்கு அவகாசம். தொட்டியைச் சுருக்கினால் தண்ணீர் பின்பக்கமாக ஏறும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் நாள் கணக்கில் தண்ணீர் வடியாமல், மக்களைப் படகில் அழைத்து வந்தது நினைவிருக்கும். அந்தத் தண்ணீர் வழி தவறி வந்துவிடவில்லை.

சரி, எத்தனை எல்லைதான் இருக்கு?

இங்கேதான் குழப்பம். 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. பிறகு கூடுதல் நிலம் சேர்ந்து, இப்போது வனத்துறை வசம் இருப்பது சுமார் 698 ஹெக்டேர். ஆனால் ராம்சர் பட்டியலில் பள்ளிக்கரணையின் பரப்பு 1,247.54 ஹெக்டேர்.

கழித்துப் பார்த்தால் மீதி சுமார் 550 ஹெக்டேர். ஏறத்தாழ 1,360 ஏக்கர்! மொத்தச் சண்டையும் இந்த 550க்குள்தான். இந்த மீதி நிலம் எந்தெந்த சர்வே எண்களில் வருகிறது, அதில் பட்டா நிலம் எவ்வளவு என்பதெல்லாம் கள ஆய்வு முடிந்த பிறகே இறுதியாகும் என்பது அரசு தரப்பின் நிலைப்பாடு. 'ராம்சருக்கு அனுப்பிய வரைபடத்திலேயே எல்லை இருக்கே, அப்புறம் எதுக்கு ஆய்வு?' என்பது சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் கேள்வி.

ராம்சர் தளம் என்பது வெறும் கௌரவப் பட்டமா என்றால், இல்லை. 2017ஆம் ஆண்டின் ஈரநிலங்கள் பாதுகாப்பு விதிகள் ராம்சர் தளங்களுக்கும் பொருந்தும். ஈரநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றக் கூடாது, ஆக்கிரமிக்கக் கூடாது, கடந்த பத்து ஆண்டுகளின் சராசரி உச்ச வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானம் கூடாது என்கின்றன அவை. அதனால் கோடு எங்கே விழுகிறது என்பது பறவை ஆர்வலர்களின் கவலை மட்டுமல்ல. கோட்டுக்கு உள்ளே இருந்தால் ஒரு விலை, வெளியே இருந்தால் வேறு விலை.

இப்படி ஒரு சூழலில்தான் 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு ஓர் உத்தரவு போட்டது. கள ஆய்வும் ஒருங்கிணைந்த மேலாண்மைத் திட்டமும் முடியும்வரை, ராம்சர் எல்லைக்குள்ளும் அதிலிருந்து 1 கி.மீ. சுற்றளவுக்குள்ளும் புதிய கட்டுமானங்களுக்குத் திட்ட அனுமதி தரக் கூடாது என்றது. அடுத்த மாதமே பெரும்பாக்கத்தில் ஒரு பெரிய அடுக்குமாடித் திட்டத்துக்குத் தரப்பட்ட அனுமதி சர்ச்சையாகி, வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போய், அங்கே இடைக்காலத் தடை வந்தது.

1 கி.மீ. யாருக்கு வலிக்குது?

என் ஃப்ரெண்ட் ஒருத்தன் இந்தப் பக்கம் அப்பாவோட ரிட்டயர்மென்ட் காசில் ஒரு கிரவுண்ட் வாங்கி வைத்திருக்கிறான். 'மச்சான், நான் சதுப்பு நிலத்துலயா வாங்கினேன்? பஞ்சாயத்து அப்ரூவல், லோன், எல்லாம் கொடுத்தாங்கல்ல' என்பது அவன் கேள்வி. நியாயமான கேள்விதான். நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு நடுவே இருக்கும் மனையில் ஒரு மாடி எழுப்புவதும், வெள்ளநீர் நிற்கும் இடத்தில் மண்ணைக் கொட்டி மேடாக்கி டவர் கட்டுவதும் ஒன்றல்ல. 1 கி.மீ. என்ற கோடு இரண்டையும் ஒரே மாதிரி நிறுத்துகிறது.

ஆனால் அந்தக் கோடு ஏன் வந்தது? விதிகளின்படி ஒவ்வோர் ஈரநிலத்துக்கும் 'தாக்கப் பகுதி' என்று ஒன்று வரையறுக்க வேண்டும். நீர்ப்பிடிப்புப் பகுதியில் எங்கே செய்யும் வேலை ஈரநிலத்தைக் கெடுக்கும் என்று பார்த்து வரைவது அது. தண்ணீர் வரும் திசையில் அது 1 கி.மீ.க்கும் மேல் நீளலாம், வேறு திசையில் 200 மீட்டரிலேயே முடியலாம். 2022இல் அறிவிப்பு வந்தது. 2024 டிசம்பரில் ராம்சர் தளங்களின் கள ஆய்வை முடிக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். 2025 செப்டம்பர் வரை பள்ளிக்கரணைக்குத் தாக்கப் பகுதி வரைபடம் முடியவில்லை. அதனால்தான் ஸ்கேலை வைத்து இழுத்த மாதிரி 1 கி.மீ. என் பார்வையில், அந்தத் தடையைவிட, மூன்று வருஷம் வரைபடம் இல்லாமலே அனுமதிகள் போய்க்கொண்டிருந்தது பெரிய தப்பு. மனை வாங்கினவனும் ஏமாந்தான், சதுப்பு நிலமும் ஏமாந்தது.

ஒக்கியம் மடுவு வரை

பூங்காவிலிருந்து வெளியே வந்து ரேடியல் ரோட்டில் கிழக்கே நடந்தோம். இது நடப்பதற்கான ரோடு இல்லை என்பது ஐந்தாவது நிமிடமே தெரிந்துவிடும். நடைபாதை வருகிறது, போகிறது. ஓரத்தில் கட்டடக் கழிவு, குப்பை மூட்டை, அதற்கு அந்தப் பக்கம் ஒற்றைக் காலில் நிற்கும் நாரை. எங்கே வேலி வனத்துறையுடையது, எங்கே தனியாருடையது, எங்கே வேலியே இல்லை என்று பார்த்துக்கொண்டே வந்தோம். 'ராம்சர் எல்லை இதுதான்' என்று சொல்லும் ஒரு கல், ஒரு பலகை எங்கள் கண்ணில் படவில்லை. சில காம்பவுண்ட் சுவர்களில் மட்டும் இடுப்பு உயரத்தில் பழைய வெள்ளம் விட்டுப்போன கறை இன்னும் இருக்கிறது.

அடுத்து வரப்போகும் மேலாண்மைத் திட்டத்தில் கவனிக்க வேண்டியது மூன்று விஷயம். 550 ஹெக்டேரும் சர்வே எண்களோடு வெளிப்படையாக வருதா? தாக்கப் பகுதி நீரோட்டத்தைப் பார்த்து வரையப்படுதா, இல்லை ஏற்கெனவே கொடுத்த அனுமதிகளைச் சுற்றி வளைந்து போகுதா? பட்டா வைத்திருக்கும் சின்ன மனைக்காரர்களுக்கு மாற்று வழி ஏதாவது சொல்றாங்களா? அதுவரைக்கும் இந்தப் பகுதியில் வீடோ மனையோ பார்க்கிறவர்கள், பில்டர் காட்டும் பிரவுச்சரோடு நிறுத்தாமல் சர்வே எண்ணை வாங்கி, அந்த இடம் 1 கி.மீ.க்குள் வருதா என்று சிஎம்டிஏவில் எழுத்துபூர்வமாகக் கேட்பது நல்லது.

மெட்ரோ வேலைக்காக அடைத்திருக்கும் தகரத் தடுப்புகளை ஒட்டியே ஓஎம்ஆரில் தெற்கே நடந்து ஒக்கியம் மடுவுப் பாலத்துக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. பாலத்தில் நின்று கீழே பார்த்தோம். ஆகாயத்தாமரைக்கு நடுவே தண்ணீர் கிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. கீழ்க்கட்டளையில் பெய்த மழையும் மேடவாக்கத்தில் பெய்த மழையும் இந்தப் பாலத்துக்கு அடியில்தான் போயாக வேண்டும். கைப்பிடிச் சுவர் மேல் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்ததும் பறந்துவிட்டது.