பின்னிணைப்பைப் படியுங்கள்

இரு நாட்டுத் தலைவர்களைக் கைகுலுக்க வைத்துவிட்டால் மறைமுகப் போர் ஓய்ந்துவிடும் என்ற நம்பிக்கை நம் துறையில் இன்னும் போகவில்லை. சாட், சூடான் அனுபவத்துக்குப் பிறகும் அது நீடிப்பது வியப்புதான். எல்லையின் இருபுறமும் வாழும் ஜகாவா இனத்தைச் சேர்ந்த இத்ரிஸ் டெபி, 1990இல் சூடானின் டார்ஃபரிலிருந்து படையெடுத்து வந்தே சாட்டின் ஆட்சியைப் பிடித்தார். 2003இல் டார்ஃபரில் கிளர்ச்சி வெடித்தபோது கிளர்ச்சியாளர்களில் பலர் அவருடைய இனத்தார். அவர்களுக்குச் சாட் புகலிடமானது. பதிலுக்கு டெபியின் எதிரிகளுக்குச் சூடான் தலைநகர் கார்ட்டூம் ஆயுதம் கொடுத்தது. 2006 பிப்ரவரியில் திரிபோலியில் உடன்படிக்கை கையெழுத்தானது. ஏப்ரலில் டெபியை எதிர்த்த கிளர்ச்சிப் படை சாட்டின் தலைநகர் என்ஜமேனாவுக்கே வந்துவிட்டது. 2008 மார்ச்சில் தக்காரில் மறுபடியும் கையெழுத்து; மே 10 அன்று டார்ஃபர் கிளர்ச்சித் தலைவர் கலீல் இப்ராஹிமின் நீதி, சமத்துவ இயக்கம் பாலைவனத்தைக் கடந்து கார்ட்டூமை அடுத்த ஆம்துர்மானைத் தாக்கியது. 2009 மே 3 அன்று தோஹாவில் இன்னொன்று. அந்த மை காய்வதற்குள் கிழக்குச் சாட்டில் மீண்டும் ஊடுருவல்.

நிலைத்தது 2010 ஜனவரி 15 உடன்படிக்கைதான். அதனுடன் வந்த எல்லைக் கண்காணிப்பு நெறிமுறையே அதற்குக் காரணம் என்பது என் கருத்து. முந்தைய முயற்சிகள் கண்காணிப்பை மூன்றாம் நாடுகளை நம்பி விட்டிருந்தன. இம்முறை இரு நாட்டு வீரர்களும் சேர்ந்த கூட்டுப் படை எல்லைக்குப் போனது. அதன் தலைமை முறைவைத்து மாறியது. எதிராளியின் அதிகாரி பக்கத்திலேயே இருக்கும்போது ஆயுத வண்டிகளை ஓசையின்றி அனுப்புவது கடினம். அதே ஆண்டு மே மாதம் என்ஜமேனா விமான நிலையத்தில் இறங்கிய கலீலை உள்ளே விடாமல், பயண ஆவணங்களையும் பறித்துத் திருப்பி அனுப்பினார்கள். ஜூலையில் சாட் கிளர்ச்சித் தலைவர்களைச் சூடான் வெளியேற்றியது.

இரு தலைநகரங்களும் தாக்கப்பட்ட அச்சம்தான் சமாதானத்தைக் கொண்டுவந்தது, கூட்டுப் படை வெறும் அலங்காரம் என்று வாதிடலாம். அச்சம் இருந்தது உண்மை. ஆனால் இரு தாக்குதல்களும் 2008 மே மாதத்துக்குள்ளேயே நடந்துவிட்டன. அதன் பிறகும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஊடுருவல் நிற்கவில்லை. அச்சம் பேச்சு மேசைக்கு அழைத்து வரும்; அதைத் தாண்டி அதற்கு வலிமையில்லை. இதைவிட வலுவான ஆட்சேபம், டார்ஃபர் மக்களின் குறை தீரவேயில்லை என்பது. அதை மறுக்க முடியாது. அரசுகளின் உடன்பாடு ஆயுத வரத்தைத்தான் அடைக்கிறது, குறையைப் போக்குவதில்லை. அந்த அடைப்பிலும் ஓட்டை உண்டு. 2023இல் சூடானில் போர் மூண்டபின், சாட்டின் அம்ஜராஸ் விமானத்தளம் வழியாக, சூடான் ராணுவத்தை எதிர்த்துப் போரிடும் துணை ராணுவப் படைக்கு ஐக்கிய அரபு அமீரகம் ஆயுதம் அனுப்புகிறது என்ற குற்றச்சாட்டை ஐ.நா. நிபுணர் குழு நம்பத்தக்கது என்றது, அமீரகம் மறுக்கிறது. தரையில் ரோந்து போகும் படையால் சரக்கு விமானத்தை நிறுத்த முடியாது.

ஆகவே மத்தியஸ்தப் பணியில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த வரைவு கைக்கு வரும்போது முகவுரையை விட்டுவிட்டுப் பின்னிணைப்பிலிருந்து படியுங்கள், விமான நிலையத்தில் சரக்கைச் சோதிப்பது யார் என்று அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.