நீயே பார்த்துக்கோப்பா!

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலை ஏறி கரியாலூர் போகிற பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே போகப்போக செல்போனில் 'டவர்' போய்விடும். எதிரே திடீரென்று ஒரு வளைவு. டிரைவர் டெப்போவுக்குப் போன் போட்டு, ''சார், ரைட்ல ஒடிக்கட்டுமா?'' என்று கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? பதில் வருவதற்குள் பஸ் பள்ளத்தில் இருக்கும்!

நிலாவில் இறங்குவதும் இதே சங்கதிதான். பூமியிலிருந்து சுமார் 3,84,000 கிலோமீட்டர். ரேடியோ சிக்னல் போக 1.3 விநாடி, வர 1.3 விநாடி. 'ப்பூ, இவ்வளவுதானா?' என்காதீர்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்க ஆரம்பித்தபோது வேகம் விநாடிக்கு 1.68 கிலோமீட்டர். பெங்களூரில் ஒருவர் பார்த்துப் பதறி 'பிரேக்!' என்று கட்டளை அனுப்பினால், அது போய்ச் சேருவதற்குள் விக்ரம் லேண்டர் நாலு கிலோமீட்டர் தாண்டியிருக்கும்! அதனால் கடைசி 19 நிமிஷம் இஸ்ரோவில் எல்லோரும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். உயரம் அளந்தது, பள்ளம் பாறை பார்த்தது, இடம் பிடித்தது எல்லாம் விக்ரமேதான். மாலை 6.04-க்குத் தரை தொட்டது.

''அப்போ எல்லாத்தையும் மெஷினே பண்ணிடும். நம்ம சீட்டு காலி!'' என்று பெருமூச்சு விடுகிறீர்களா? அவசரப்படாதீங்க சார்.

இப்படித் தானாகவே இறங்கப் போன சந்திரயான்-2, 2019 செப்டம்பர் 7 விடியற்காலையில் மோதி நொறுங்கியது. என்ஜின்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக உந்தின. பிசகு சேர்ந்துகொண்டே போனது. பி.காம். பாஷையில் சொன்னால், அன்றாட வித்தியாசத்தை அன்றே சரிக்கட்டாமல் மார்ச் 31-ல் மொத்தமாகப் பார்த்த கதை! திருத்தப் போனபோது, வேகமாகத் திரும்ப அதற்கு விட்டிருந்த அளவு போதவில்லை. இறங்கக் கொடுத்த இடமும் 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான்.

அடுத்த முறை இஸ்ரோக்காரர்கள் கேள்வியையே மாற்றினார்கள். 'எப்படி ஜெயிக்கலாம்' இல்லை, 'எதெது கெட்டுப்போகும்?' சென்சார் படுத்தால்? என்ஜின் மக்கர் பண்ணினால்? கணக்கு தப்பினால்? ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று வழி. இடமும் சுமார் 4 கிலோமீட்டருக்கு 2.5 கிலோமீட்டர் ஆனது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல், விழுப்புரத்துக்காரர். 2019 வரை கரியாலூரும் அதே மாவட்டம்தான். கரியாலூர்க்காரர்கள் தாராளமாகக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்!

அசல் செயற்கை அறிவும் விண்வெளியில் புதுசில்லை. 1999 மே மாதமே நாசா தன் 'டீப் ஸ்பேஸ் 1' விண்கலத்தை, சுமார் 9.6 கோடி கிலோமீட்டர் தொலைவில், 'ரிமோட் ஏஜென்ட்' என்ற புரோகிராம் கையில் கொடுத்துப் பார்த்தது. நன்றாகத்தான் ஓட்டியது. நடுவில் என்ஜினை அணைக்க வேண்டிய நேரம் வந்தது... அணைக்கவில்லை! புரோகிராமின் இரண்டு பகுதிகள், கல்யாண வீட்டு வாசலில் ''நீங்க முதல்ல'', ''இல்லல்ல, நீங்க முதல்ல'' என்று நிற்கிற சம்பந்திகள் மாதிரி ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு நின்றுவிட்டன. பூமியில் விழித்திருந்த மனிதர்கள்தான் கண்டுபிடித்தார்கள். சில நாளில் மறுபடி ஓட்டி ஜெயித்தார்கள்.

சில மேனேஜர்கள் ''நீயே பார்த்துக்கோப்பா'' என்று ஃபைலைத் தள்ளிவிட்டு லீவில் போவார்கள். வீரமுத்துவேல் டீமும் விக்ரமிடம் அதே வார்த்தையைத்தான் சொன்னது. என்ன, அதற்கு முன்னால் நாலு வருஷம் வேலை பார்த்துவிட்டுச் சொன்னது.

உங்கள் ஆபீஸுக்கும் ஏ.ஐ. வரும். வந்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'இது தப்பு பண்ணினால் என்ன செய்வது என்று யோசிக்க இங்கே யார் இருக்கிறார்கள்?' ஒருத்தரும் இல்லை என்றால் விடாதீர்கள், அந்த நாற்காலியில் துண்டைப் போடுங்கள்!