அச்சாறு சீயாவும் நமது வொய்ஸ் கட்டும்

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரமில்லாதவர்கள் இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். வாசிக்காமல் மட்டும் கொமண்ட் போடாதீர்கள்.

இரண்டு கிழமையாக நம் ஊர் வட்ஸ்அப் குரூப்புகளில் ஒரு வொய்ஸ் கட் சுற்றுகிறது. கண்டி டவுனில் பஸ் நெருக்கடிக்குள் நம்மட பெண் பிள்ளைகளுக்கு ஊசி குத்துறாங்களாம். ஜூஸில மருந்து கலக்குறாங்களாம். ரெண்டு பிள்ளைகள் ஆஸ்பத்திரியில மயக்கத்தில கிடக்கிறாங்களாம். எந்தப் பிள்ளை, எந்த வார்ட்டு, எந்த பஸ் என்று ஒன்றுமில்லை. "நம்பகமான இடத்தில இருந்து வந்தது, எல்லாருக்கும் அனுப்புங்க" என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது. எங்களுக்கு நான்கு குரூப்பில் ஏழு தடவை வந்தது. எழுத்தில் வந்த ஒன்றில் கண்டிக்குப் பதிலாக மாவனல்லை என்று இருந்தது. மற்றதெல்லாம் எழுத்துப் பிழை உட்பட அப்படியே.

இதன் விளைவை நாங்கள் வகுப்பறையில் பார்க்கிறோம். உயர்தரம் படிக்கும் மூன்று பெண் பிள்ளைகள் கண்டி டியூஷனை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது அவர்கள் அல்ல, வாப்பாமார். பரீட்சைக்கு இன்னும் நான்கு மாதம்தான். அதே வீட்டு ஆண் பிள்ளைகள் அதே பஸ்ஸில் அதே டவுனுக்குப் போய் வருகிறார்கள்.

அதைவிடப் பெரிய விசயம் போன புதன்கிழமை நடந்தது. நமது பாடசாலை கேட்டுக்கு வெளியே வெரளு, அம்பரெல்லா, அன்னாசி அச்சாறு விற்கும் வயதான சிங்களவரை உங்களில் பலருக்குத் தெரியும். பிள்ளைகள் அவரை அச்சாறு சீயா என்பார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருவர் இடைவேளைக்குப் பிறகு வாந்தி எடுத்தார். அந்தப் பிள்ளை காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்தது என்பது பின்னர் உம்மா சொல்லித்தான் தெரியும். ஆனால் அதற்குள் செய்தி வெளியே போய்விட்டது. பத்துப் பதினைந்து பேர் ஓட்டோவிலும் பைக்கிலும் வந்து இறங்கினார்கள். ஒருவர் போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "என்ன போட்ட? சொல்லு, போட்டியா இல்லையா?" என்று தமிழில் கேட்டார். சீயாவுக்குத் தெரிந்த தமிழ் விலை சொல்லும் அளவுக்குத்தான். அவர் பயந்துபோய்த் தலையை ஆட்டி, "ஓம், ஓம், போட்டது" என்றார். அவர் சொன்னது மிளகாய்த்தூளை.

எங்கள் அதிபரும் இரண்டு ஆசிரியர்களும் நடுவில் போய் நின்றிருக்காவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. இந்தக் காட்சியை நாம் இதற்கு முன்னால் பார்த்ததில்லையா? பார்த்திருக்கிறோம். அப்போது போனுக்கு முன்னால் நடுங்கி நின்றது நம்மவர்.

2018 பெப்ரவரி 26, அம்பாறை நகரம். முஸ்லிம் சாப்பாட்டுக் கடையொன்றில் ஒருவர் கறியில் ஏதோ கட்டி கிடக்கிறது என்று சத்தம் போட்டார். சிங்களவர்களை மலடாக்கும் மாத்திரை என்று கூட்டம் சேர்ந்தது. காசு மேசையில் இருந்த நமது சகோதரருக்குச் சிங்களம் சரியாக வராது. என்ன கேட்கிறார்கள் என்று விளங்காமல், கறியில் மா போடுவதைக் கேட்கிறார்கள் என்று நினைத்து, ஆம் போடுவோம் என்பதுபோலத் தலையாட்டினார். வீடியோ முகநூலில் ஏறியது. கடை நொறுங்கியது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அதற்கு முன்னரே, அம்பாறையில் ஒரு முஸ்லிம் மருந்துக்கடைக்காரரிடமிருந்து 23,000 மலட்டு மாத்திரைகளைப் பொலிஸ் பிடித்ததாக ஒரு பொய் சிங்கள முகநூலில் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அரச பகுப்பாய்வாளர் அந்தக் கட்டியைப் பரிசோதித்துச் சொன்னார்: அது மாக்கட்டி. சாப்பாட்டில் கலந்து கொடுத்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை உலகத்தில் எங்கும் இல்லை என்று வைத்தியர்களும் சொன்னார்கள். யார் கேட்டார்கள்?

அடுத்த கிழமை திகன. திகனைக்கு உடனடிக் காரணம் வேறு என்பதை மறைக்கத் தேவையில்லை. தெல்தெனியவில் நம் இளைஞர்கள் நான்கு பேர் ஒரு லொறிச் சாரதியை அடித்தார்கள், அவர் மார்ச் தொடக்கத்தில் ஆஸ்பத்திரியில் மவுத்தானார். அது குற்றம், அதைச் செய்தவர்களின் குற்றம். ஆனால் நான்கு பேர் செய்த குற்றத்துக்காக திகன, மெனிக்ஹின்ன, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை என்று ஊர் ஊராகக் கடையும் வீடும் பள்ளியும் எரிந்ததே, அது எப்படி? நம் பக்கத்து வீட்டு மனிதர் நம்மைப் பற்றி எதையும் நம்பத் தயாராக இருந்தார். "அவன் கொத்து ரொட்டியில் மருந்து போடுகிறவன்" என்ற கதை அவரது போனில் முதலே வந்து சேர்ந்திருந்தது. மார்ச் 6 அவசரகால நிலை, 7ஆம் திகதி முகநூலும் வட்ஸ்அப்பும் முடக்கம். தன் தளம் அந்த நாட்களில் பயன்படுத்தப்பட்ட விதத்துக்காக முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கேட்க 2020 மே ஆனது. எரிந்த கடைக்கு அந்த மன்னிப்பு என்ன செய்யும் என்பது வேறு கதை.

2019இல் ஈஸ்டர் தாக்குதலுக்குப் பின்னர் அதே மலட்டுக் கதை குருநாகல் ஆஸ்பத்திரிக்குப் போனது. நாலாயிரம் தாய்மார் என்று பத்திரிகையின் முன்பக்கத்தில் வந்தது. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் தேடிப் பார்த்து ஆதாரம் இல்லை என்று நீதிமன்றத்தில் சொன்னது. அந்த வைத்தியர் இழந்த வருடங்களை யார் கொடுப்பது?

இவ்வளவையும் அனுபவித்த நாம், சீயாவின் முகத்துக்கு நேரே போனைப் பிடிக்கிறோம்.

"அவங்க செஞ்சது வேற, நாங்க கவனத்துக்காகத்தானே அனுப்பினோம்" என்று ஒரு நானா எங்களிடம் சொன்னார். 2011 ஓகஸ்ட் ஞாபகம் இருக்கிறதா? கிறீஸ் பூதம். நோன்பு மாதம். உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம மனிதன் பெண்களைக் கீறுகிறான் என்று நாடு முழுக்கக் காவல் போட்டோம். அன்றைக்கும் எல்லோரும் கவனத்துக்காகத்தான் சொன்னார்கள். புத்தளத்தில் கூட்டம் ஒரு போக்குவரத்துப் பொலிஸ்காரரை அடித்துக் கொன்றது. அந்தக் கூட்டம் நம்முடையது. சூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆவது வசனம் என்ன சொல்கிறது என்று ஓதிக்காட்ட நாங்கள் ஆலிம்கள் அல்ல. செய்தி வந்தால் விசாரியுங்கள், தெரியாமல் ஒரு கூட்டத்துக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு கைசேதப்படாதீர்கள் என்ற கருத்து மத்ரஸாப் பிள்ளைக்கும் தெரியும்.

சரி, அப்படியென்றால் மருந்து கலப்பது, ஊசி குத்துவது எல்லாம் வெறும் கட்டுக்கதையா? இங்கேதான் நாம் மற்றப் பக்கம் சறுக்குகிறோம்.

இங்கிலாந்தில் 2021 இறுதியில் இதே பயம் பெரிதாக எழுந்தது. நைட் கிளப்புகளில் பெண்களுக்கு ஊசி குத்தி மயக்குகிறார்கள் என்று சில மாதங்களுக்குள் ஆயிரத்துக்கு மேல் முறைப்பாடுகள். மாணவிகள் ஒக்டோபரில் கிளப்புகளைப் பகிஷ்கரித்தார்கள். நீதிமன்றம் வரை போனவை மிகச் சொற்பம். அசையும் ஒருவருக்கு உடுப்புக்கு மேலால் ஊசியைக் குத்தி, மயங்கும் அளவு மருந்தை அவருக்குத் தெரியாமல் ஏற்றுவது லேசான வேலை அல்ல என்று நிபுணர்கள் சொன்னார்கள். தடுப்பூசி போடும் நாளில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் பிடித்து வைத்திருக்கும் எங்களுக்கு அதை விளங்கிக்கொள்ள நிபுணர் தேவையில்லை. பிரான்ஸில் 2025 ஜூன் 21 இசைத் திருவிழா இரவில் மட்டும் 145 பேர் தங்களை யாரோ குத்தியதாகச் சொன்னார்கள். பன்னிரண்டு பேர் பிடிபட்டார்கள். ஏதோ கூரானதால் குத்தும் கயவர்கள் இருக்கிறார்கள், மருந்து இருந்ததா என்பது வேறு கேள்வி. இரண்டையும் சேர்த்துக் குழப்பினால் இரண்டையும் பிடிக்க முடியாது.

ஆனால் குடிபானத்தில் மருந்து கலப்பது உண்மையாக நடக்கும் குற்றம். அதே பிரான்ஸில் ஜிசேல் பெலிகோ என்ற பெண்ணின் வழக்கை வாசித்திருப்பீர்கள். பல வருடங்களாகச் சாப்பாட்டிலும் பானத்திலும் மனத்தைத் தணிக்கும் மாத்திரையைக் கலந்து கொடுத்து, மயக்கத்தில் வைத்து மற்ற ஆண்களையும் அழைத்து அவருக்கு அநியாயம் செய்தது யார்? கட்டிய கணவன். 2024 டிசம்பரில் அவனுக்கு இருபது வருடச் சிறை. "எங்கட பிள்ளைகள் நைட் கிளப்புக்குப் போறதில்ல, நமக்கென்ன" என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள். அந்தப் பெண் போனது தன் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு.

நம் ஊரிலும் ஒன்று நடந்தது. எந்தக் குரூப்பிலும் வரவில்லை. அடையாளம் தெரியாதபடி எழுதுகிறோம், ஊகிக்க வேண்டாம். ஒரு தாத்தா குருநாகலில் இருந்து கண்டிக்குத் தனியாக பஸ்ஸில் வந்தார். பக்கத்தில் இருந்த பெண் நன்றாகப் பேசிப் பழகி ஒரு பெக்கட் பழச்சாறு கொடுத்தார். தாத்தா கண் விழித்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில். கையில் இருந்த வளையல் நான்கும் இல்லை. இது பழைய களவு முறை. ரயிலில் பிஸ்கட், பஸ்ஸில் பானம் என்று எங்கள் வாப்பாமார் காலத்திலிருந்தே கேள்விப்பட்டதுதான்.

அந்தத் தாத்தாவுக்கு வீட்டில் கிடைத்த முதல் கேள்வி: "தெரியாத பொம்பளையோட ஏன் கதைச்சீங்க?" இரண்டாவது: "தனியா ஏன் வந்தீங்க?" மூன்றாவது கேள்வி வரவில்லை. ஊருக்குத் தெரிந்தால் மானம் போகும் என்று கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். சிறுநீர் மாதிரி பரிசோதனைக்குப் போனதா? இல்லை. அந்தப் பெக்கட்? தூக்கி எறிந்தாகிவிட்டது. பொலிஸ் முறைப்பாடு? இல்லை. அந்தப் பெண் நாளைக்கும் அதே பஸ்ஸில் ஏறலாம்.

ஆக, நடக்காததை ஆயிரம் பேருக்கு அனுப்புகிறோம், நடந்ததைத் தாவணியால் மூடுகிறோம். பொய்க் கதைகள் பெருகியதால் நாளைக்கு ஒரு பிள்ளை உண்மையாகவே வந்து "டீச்சர், அதைக் குடிச்ச பிறகு எனக்கு ஒண்டும் ஞாபகம் இல்ல" என்று சொன்னால், "ஓ, அந்த வொய்ஸ் கட்டா" என்று சிரிப்பவர்களும் நாமாகத்தான் இருப்போம்.

பயன்படும் விசயத்தைச் சொல்கிறோம், இதை அனுப்புங்கள். ஒருவர் காரணமில்லாமல் மயங்கினால், குழறினால், ஞாபகம் அறுந்தால் தனியாக விடாமல் உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். "குளிச்சு, தூங்கி, காலையில பாப்பம்" என்று இருக்க வேண்டாம். சில மருந்துகள் சிறுநீரில் பன்னிரண்டு மணித்தியாலம் அளவுதான் பிடிபடும், இரத்தத்தில் அதைவிடக் குறைவு. தூக்க மாத்திரை வகைகள் சில நாட்கள் தெரியலாம். குடித்த போத்தலையோ கிளாஸையோ கழுவாமல் கொண்டு போங்கள். மருந்து கலந்திருக்கலாம் என்று சந்தேகிப்பதாக வைத்தியரிடம் வாயால் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் தேட மாட்டார்கள். தேவையென்றால் சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்புவார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் மிதுரு பியச என்ற நிலையம் இருக்கிறது, பெண்கள் இரகசியமாகப் பேசலாம். பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929. ஊசி குத்தியதாகச் சொன்னாலும் இதேதான், கூடவே காயத்தைக் காட்டி, தொற்றுக்கான மருந்து தேவையா என்று கேளுங்கள். பொய்யா மெய்யா என்று தீர்ப்புச் சொல்வது ஆய்வுகூடத்தின் வேலை. குரூப் அட்மினின் வேலையும் இல்லை, பிள்ளையின் மாமியின் வேலையும் இல்லை.

ஊசி என்றதும் இன்னொன்று. 2017இலிருந்து ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரான தடுப்பூசி பாடசாலையிலேயே போடப்படுகிறது. இந்த முறை சம்மதப் படிவத்தில் "வேண்டாம்" என்று எழுதி வந்த உம்மா ஒருவரிடம் காரணம் கேட்டோம். "பிள்ள கிடைக்காமப் போகுமாம் டீச்சர், வட்ஸ்அப்பில வந்திச்சு" என்றார். அம்பாறையில் நமது கடையை உடைத்த அதே பொய், எழுத்துக்கூட மாறாமல், நம் வீட்டுக் குசினிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. அப்போது அதை நம்பியவர்களை எவ்வளவு ஏசினோம்!

பள்ளி நிர்வாகத்தாருக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் பெரியவர்கள், கோபிக்க வேண்டாம். போன ஜும்ஆவுக்குப் பிறகு "பிள்ளைகளை வெளியில் அனுப்பும்போது கவனம்" என்று அறிவித்தீர்கள். எதை விசாரித்து அறிவித்தீர்கள்? கண்டி பொலிஸுக்கு ஒரு கோல் எடுத்தீர்களா? நாங்கள் எடுத்தோம். அப்படியொரு முறைப்பாடு அவர்களுக்கு வரவில்லை. அந்தப் பதிலை அதே மைக்கில் சொல்லுங்கள், மூன்று பிள்ளைகள் திரும்ப டியூஷனுக்குப் போவார்கள். கூடவே, போதை மாத்திரை விழுங்கும் நம் பையன்களைப் பற்றியும் ஒரு நாள் அதே சத்தத்தில் சொல்லுங்கள். அதற்கு வொய்ஸ் கட் தேவையில்லை, மைதானத்தின் மூலையில் கிடக்கும் காலி மாத்திரை அட்டைகளே போதும்.

அந்தக் கட்டை முதலில் நம் குரூப்பில் போட்டவர் இதையும் வாசிப்பார். இன்னும் அழிக்கவில்லை. வாந்தி எடுத்த பிள்ளை மறுநாளே பாடசாலைக்கு வந்துவிட்டது. வியாழக்கிழமை நாங்கள் இரண்டு பேர் சீயாவைத் தேடி அவர் வீட்டுக்குப் போனோம். மகள் கதவைப் பாதி திறந்து, அப்பாவுக்குச் சுகமில்லை, இனி அந்தப் பக்கம் அனுப்ப மாட்டோம் என்றார். கேட்டுக்கு வெளியே அவர் தள்ளுவண்டி நிற்கும் இடம் காலியாக இருக்கிறது.